பதினான்காம் எண் முத்திரை

எதையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்காமல் கையில் வாங்க அவருக்குத் தெரியாது.

பால் பாக்கெட்டைத் திருப்புவார். கத்தரிக்காயைக் காம்போடு தூக்கி வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்பதெல்லாம் பிறகு. முதலில் பின்பக்கம், அச்சகத்தின் பெயர். வாடகைக்கு வீடு கேட்டு ஜோகுபாளையத்துச் சந்தில் அவர் வாசலில் நான் நின்ற அன்று, என்னைத் திருப்ப முடியாததால் அவரே என்னைச் சுற்றி வந்தார். முன்னால் கொஞ்ச நேரம், பின்னால் கொஞ்ச நேரம். பிறகு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஓக்கேம்மா. டீ போடு."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "பொடனில கிராக்கு எதுனா இருக்கப்போவுது, நல்லா பாத்துக்கோங்க. அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

அது அவர் மனைவி. நான் அவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் அழைத்தேன். திருவண்ணாமலையிலிருந்து வந்தவன், காதோரம் நரைத்தவன், நாற்பதைத் தொட்டவன்தான்; ஆனால் இன்னொருவரை அங்கிள் என்று அழைக்கிற கூச்சம் பெங்களூரில் மூன்று மாதத்தில் உதிர்ந்துவிடும். மேல்மாடியில் நான். கீழே அவர்கள் இருவர். ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாட்டில்.

ஓய்வு பெறும்வரை அவர் பீன்யா பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். லிஃப்ட் பிரேக்குகளுக்கு வேண்டிய சில்லறைப் பாகங்கள் அங்கே செய்தார்கள். கடைசல் இயந்திரத்திலிருந்து சூடு ஆறாமல் வருகிற ஒவ்வொரு துண்டையும் கேஜ் என்கிற அளவுக்கருவியில் நுழைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ட்ரேயோடு வரும் அட்டையில் அவருடைய முத்திரை விழும். வட்டமான பித்தளை முத்திரை, நடுவில் 14. அந்த எண் தொழிற்சாலையில் வேறு யாருக்கும் கிடையாது. அது விழுந்தால் 'நான் பார்த்தேன்' என்று பொருள். நன்றாக இருக்கிறது என்றுகூட அல்ல, பார்த்தேன் என்று. ஆயுளில் பாதியை அந்த ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லியே கழித்த மனிதர்.

மென்பொருளைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு என்றதும் அவர் முகம் திறந்துகொண்டது.

"அப்ப நீயும் நம்ம லைன்தான்! கேஜ் எங்க வெச்சிருக்கீங்க?"

"கேஜெல்லாம் கிடையாது அங்கிள். பட்டனை அமுக்கிப் பாப்போம். வேலை செஞ்சா பாஸ்னு டிக் போடுவோம்."

"அமுக்காமயே டிக் போட்டா?"

"யாருக்கும் தெரியாது" என்று சிரித்தேன்.

ஆன்ட்டி சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. டீ டம்ளரைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இதே கூத்துதான் தம்பி" என்றார் ஆன்ட்டி. "ஏதோ டாலரன்ஸ் கொஞ்சம் ஜாஸ்தி வுட்டுட்டாரு. இல்லாட்டி நான் அன்னிக்கே ரிஜெக்ட்டு."

"ரிஜெக்ட்டுனு எப்ப சொன்னேன்? ரீவொர்க்கு. இன்னும் நடந்துக்கினேதான் இருக்குது."

இப்படி ஒரு வீடு. இப்படி ஒரு மனிதர். வாழ்நாளில் எத்தனையோ பேரைக் கடந்து வந்துவிட்டேன், கடந்ததுகூடத் தெரியாமல். இவர் மட்டும் டிசம்பர் தோறும் என் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

நவம்பர் முடிகிற ஞாயிற்றுக்கிழமை. ஊரில் குளிர் இறங்கியிருக்கும். காலையில் அல்சூர் ஏரியின் மேல் வெள்ளையாக ஏதோ ஒன்று கலையாமல் நிற்கும், மெட்ரோ அதன் ஓரமாகக் கிழித்துக்கொண்டு போகும். வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஏறும். அவர் வீட்டில் ஏறாது. "ஆள் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டாருன்னு லைட்டு போட்டா எப்பிடி?" என்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அவர்களுக்குத் திருவருகைக் காலம். கோயில் பீடத்தில் ஊதாத் துணி விழும். வரப்போகிறவருக்காக மனதைப் பெருக்கி மெழுகி வைக்கிற காலம் என்று ஆன்ட்டிதான் எனக்குச் சொன்னார். அம்மா போகிக்கு வீட்டை ஒழிப்பதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் போகிக்கு ஒரு நாள் போதும்.

சாப்பாட்டு மேசையின் நடுவில் ஓர் இரும்பு வளையம், அதைச் சுற்றிச் சவுக்குத் தழை, நான்கு மெழுகுவத்திகள். மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. சிவாஜிநகர் போய் அவரே வாங்கி வருவார். ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி நான்கும் ஒரே உயரமா என்று பார்த்து, கூடுதலாக இருப்பதை அடியில் கத்தியால் சுரண்டுவார்.

"எரியப்போற சாமான். எரிஞ்சா தன்னால குட்டையாவுது" என்பார் ஆன்ட்டி.

"ஏத்துற வரைக்குமாவது சமமா இருக்கட்டும்மா."

வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தி. அதற்கு ஓர் உறுப்பு. இந்த ஏற்பாடு எந்தச் செபப் புத்தகத்திலும் இல்லை, அவருடையது. முதல் வாரம் கண்: இந்த வருடம் எதையெல்லாம் பார்த்தது, எதைப் பார்க்காததுபோல் போனது. இரண்டாம் வாரம் நாக்கு. மூன்றாம் வாரம் கை. நான்காம் வாரம், செய்யாமலே விட்டது. மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவத்திக்கு எதிரே கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். தன்னையே தூக்கி வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்கிறார் என்று மாடிப்படியிலிருந்து பார்க்கும்போது எனக்குத் தோன்றும்.

நாக்கு வாரத்தில் தெருவே ஜாக்கிரதையாக இருக்கும். எந்த வாசலில் வந்து நின்று எதற்கு மன்னிப்புக் கேட்பார் என்று தெரியாது. ஒரு மாலை என் கதவைத் தட்டினார்.

"தம்பி, ஜூன் மாசம் உன் ஃப்ரெண்டு பைக்கை கேட்டுக்குக் குறுக்க வுட்டான் பாரு. அப்ப எருமைன்னு சொன்னேன். மன்னிச்சுக்கோ."

"நீங்க ஒண்ணுமே சொல்லலியே அங்கிள்?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

"மனசுக்குள்ளதானே, விடுங்க."

"அதாம்ப்பா பேஜாரு. வெளிய சொல்லியிருந்தா நீ ரெண்டு திட்டு திட்டியிருப்ப, அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இப்ப ஆறு மாசமா உள்ளயே கெடக்குது."

சிரித்துக்கொண்டே மன்னித்தேன். அவர் திரும்பிப் போகும்போது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, மூட்டையை இறக்கியவனுக்கு இறங்குவதுபோல.

மூன்றாம் ஞாயிறு அவர்களுக்கு மகிழ்ச்சி ஞாயிறு. பாதித் தவத்தைத் தாண்டியாயிற்று, வருகிறவர் பக்கத்தில் வந்துவிட்டார் என்பதற்காக ஊதாவை விட்டு இளஞ்சிவப்பு ஏற்றுகிற நாள். தெருமுனை மரங்கூட அந்த வாரந்தான் இலைகளையெல்லாம் உதறிவிட்டு அதே நிறத்தில் பூத்துத் தொலைக்கும். அவர் வீட்டில் மட்டும் அந்த வாரம் பேச்சு நின்றுபோகும். கை வாரம். "இந்த ஏழு நாள் மட்டும் அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க தம்பி" என்பார் ஆன்ட்டி. மேசைமேல் இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அந்த இளஞ்சிவப்புச் சுடருக்கு எதிரே, யாரோ வந்து அவற்றை எடுத்துக்கொண்டு போகட்டும் என்பதுபோல உட்கார்ந்திருப்பார்.

நான் போன முதல் கிறிஸ்துமஸ் பூசையில்தான் அதைப் பார்த்தேன். பூசையின் உச்சத்தில் எல்லாரும் எழுந்து வரிசையில் போய் நன்மை வாங்குவார்கள்; அப்பத்தின் உருவில் ஆண்டவரையே வாங்குவது அது. பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். ஆன்ட்டி பட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அவர் எழவில்லை. முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டார். நான்கு வாரம் பெருக்கி மெழுகிய மனிதர், காலி பெஞ்சில், குனிந்த தலையோடு, தனியாக. ஆன்ட்டி திரும்பி வரும்வரை அவர் ஒரு சேலைத் தலைப்பைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே கோயில் படியில் ஒரு பெண் ஆன்ட்டியின் கையைப் பிடித்தார். "ஹேப்பி கிறிஸ்மஸ் ஆன்ட்டி! இன்னா, இந்த வருஷமும் அங்கிளுக்கு நன்மை வாங்க டைம் பத்தலையா?"

ஆன்ட்டி சிரித்தார். வீட்டுக்கு வந்து கேக்கை வெட்டும்போது கத்தி தட்டில் போய் இடித்தது.

மறு வருடம் கை வாரத்தில், ஆன்ட்டியின் அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனோம். ஐந்தாம் மாடி. ஆன்ட்டி லிஃப்டுக்குள் போய்ப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் வாட்ச்மேனிடம் போனார். "ஈ லிஃப்ட் யாவ வருஷத்து?" எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவர் கேட்கிற கேள்வி: எந்த வருஷத்து லிஃப்ட் இது. "கொத்தில்ல சார்" என்றான் அவன். தெரியாதாம், அவனே போன வாரம் வந்தவனாம்.

"மோட்சத்துக்கும் படியிலயேதான் போவீங்களா?" என்று ஆன்ட்டி உள்ளேயிருந்து கத்தினார்.

"பைபிள்ல யாக்கோபு கனவுல ஏணியத்தான் பாத்திருக்காரு. லிஃப்ட்டுனு எவனும் சொல்லலியே?"

கதவு மூடிக்கொண்டது. நாங்கள் இருவரும் படியேறினோம். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். மூச்சல்ல, பேச்சுதான் முட்டிக்கொண்டிருந்தது.

"எம் பொண்ணுக்கு அப்ப அஞ்சு வயசு" என்று ஆரம்பித்தார்.

டிசம்பர் இருபத்துநான்கு, சாயங்காலம் நான்கு மணி. கடைசி ட்ரே. லிஃப்ட் பிரேக்குக்குப் போகிற பின்கள், நாற்பது. வெளியே லாரி இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. மகளுக்குக் கிறிஸ்துமஸ் ஃப்ராக் வாங்கி வருகிறேன் என்று சொல்லியாயிற்று. கடை மூடிவிடும். முதல் பின்னை எடுத்துக் கேஜில் போட்டார், சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. மூன்றாவதைக் கையில் எடுத்தார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"குத்திட்டேன் தம்பி. முப்பத்தெட்டு பின்னைப் பாக்காம, பாத்தேன்னு சீல் குத்திட்டேன். இந்தக் கைதான்."

கிறிஸ்துமஸ் முடிந்து இருபத்தாறாம் தேதி விடியற்காலையில் ஓடினார். ட்ரே போய்விட்டது. எந்த டீலருக்கு, எந்த ஊருக்கு என்று ஸ்டோரில் கேட்டார். வேறு ட்ரேக்களோடு கலந்து அனுப்பிவிட்டார்கள். ஃபோர்மேனிடம் சொன்னார். 'ஒண்ணும் ஆவாது போய்யா' என்று ஃபோர்மேன் சிரித்தார். எழுதிக் கொடுக்கலாம் என்று பேனாவை எடுத்தார். வேலை போய்விடும் என்று மூடிவைத்தார். அவர் ஓய்வு பெற்ற மறு வருடம் தொழிற்சாலையே இல்லாமல் போயிற்று. காகிதங்களெல்லாம் பழைய பேப்பர்காரனுக்கு.

"ஒண்ணும் ஆகலையே அங்கிள், இத்தனை வருஷத்துல."

"ஆகலன்னு நீ பாத்தியா?"

தலைக்கு மேலே எங்கோ அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் யாரையோ தூக்கிக்கொண்டு போகிற முனகல் கேட்டது. இருவரும் அது நிற்கும்வரை கேட்டோம்.

"அதனாலதான் ஏற பயப்படுறீங்களா?"

"பயம் இல்லப்பா. வெக்கம்."

திரைக்குப் பின்னால் இருக்கிற கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். வருடா வருடம் சொல்கிறாராம். எத்தனையோ சாமியார்கள் மாறிவிட்டார்கள், எல்லாரும் மன்னிப்புக் கொடுத்துவிட்டார்கள். "குடுத்ததெல்லாம் வந்து சேந்திருச்சு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா பின்னு அங்கயேதான தம்பி இருக்குது?"

"சரி, மத்த ஞாயிறு நன்மை வாங்குறீங்களே. கிறிஸ்மஸுக்கு மட்டும் ஏன்?"

"ஞாயித்துக்கெழமை தினப்படி சோறு மாதிரி. பசிக்கு வாங்கிக்குறேன், அவருக்கும் தெரியும். கிறிஸ்மஸ் அப்பிடி இல்லியே. நாலு வாரம் டைம் குடுத்து, ரெடி பண்ணி வைடா, வர்றேன்னு சொல்லிட்டு வர்றாரு. டைம் குடுத்தும் சரி பண்ணாத பீஸை எந்த முகத்தோட நீட்டுறது?"

ஐந்தாம் மாடியில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். குழந்தையை அவர் கையில் கொடுத்தார்கள். வாங்கினார். திருப்பினார். முதுகையும் பிடரியையும் உற்றுப் பார்த்தார். "ஓக்கே" என்றார். வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் மட்டும் சேரமுடியாமல் நின்றேன்.

அதற்கடுத்த இரண்டு கிறிஸ்துமஸும் அதே காலி பெஞ்சு. கோயிலுக்குப் புதிதாக வந்த இளம் சாமியார் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். 'ஆண்டவர் உங்களை மன்னிச்சுட்டாரு அங்கிள், நீங்கதான் உங்களை மன்னிக்க மாட்டேங்கிறீங்க' என்றார். அவர் போன பிறகு இவர் வருத்தத்தோடு என்னிடம் சொன்னார்: "நல்ல புள்ள. அவருக்கு மைக்ரோமீட்டர் தெரியாது."

பிறகு அங்கிளுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த இடம் மூன்றாம் மாடியில். சொன்னால் நம்பமாட்டார்கள், அந்த உடம்போடு படியேறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து. நான் பின்னால் ஏறுவேன், விழுந்தால் தாங்குவதற்கு. தாங்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. நர்ஸம்மா திட்டுவார். லிஃப்ட் எங்கள் பக்கத்திலேயே ஏறி இறங்கும், உள்ளே டிஃபன் கேரியர்கள், தைலம் மணக்கிற பாட்டிகள், சிரிக்கிற பிள்ளைகள். அவர் அது போகும் ஒவ்வொரு முறையும் உதட்டை அசைப்பார். உள்ளே இருப்பவர்களுக்காகச் செபம்.

அந்த வருடத்துத் திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரம் ஆன்ட்டி என்னைத் தேடி மேலே வந்தார். எப்போதும் வராதவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"டாக்டர் அடுத்த கிறிஸ்மஸைப் பத்திப் பேச மாட்டேங்குறாரு தம்பி."

மடிக்கணினியை மூடி வைத்தேன்.

"கோயில்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? அவருக்கு வேற குடும்பம் இருக்குதாம். அதான் கிறிஸ்மஸுக்கு நன்மை வாங்க மாட்றாராம். முப்பது வருஷமா அந்த வரிசைல ஒண்டியா போயி ஒண்டியா வர்றேன். எனக்குக் கேக்கும், பின்னாடி பேசுறது. கேக்காத மாதிரி நடந்து நடந்து எனக்குப் பழகிப்போச்சு. ஆனா ஒரு தடவை தம்பி. ஒரே ஒரு தடவை. அவர் எனக்குப் பின்னாடி வந்து நிக்கணும். நீங்க சொன்னா கேப்பாரு. நீங்களும் அந்த வேலைதான செய்றீங்க?"

ஆம், அந்த வேலைதான். இரண்டு நாள் யோசித்தேன். அலுவலகத்தில் ஒரு சோதனையை எழுதுவதுபோல எழுதினேன், அவர் என்ன கேட்பார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று. வியாழக்கிழமை டயாலிசிஸுக்குப் போகையில், முதல் படியில் அவர் கால் வைப்பதற்கு முன்னால் சொன்னேன்.

"அங்கிள், ஒரு ஃப்ரெண்டு லிஃப்ட் மெயின்டனன்ஸ்ல இருக்கான். அவனை வெச்சு விசாரிச்சேன். அந்த வருஷத்து பிரேக் செட்டெல்லாம் ரெண்டே வருஷத்துல கழட்டி மாத்திட்டாங்களாம். ஒண்ணு பாக்கியில்ல. பழைய லிஸ்ட்டு வெச்சிருக்கான்."

எனக்கு அப்படி ஒரு நண்பன் கிடையாது.

அவர் என்னைப் பார்த்தார். வாடகைக்கு வீடு கேட்டு வந்த அன்றைக்குப் பார்த்ததுபோல, முன்னும் பின்னும்.

"யாரு மாத்துனது?"

"சப்ளை எடுத்த கம்பெனிக்காரங்களே."

"எதுக்கு?"

"வேற ஏதோ மாடல் வந்துச்சாம். மொத்தமா மாத்திட்டாங்க."

"லிஸ்ட்டுல கையெழுத்து?"

"இருந்துச்சு."

"நீ பாத்தியா?"

சோதனைத் தாளில் இந்தக் கேள்வியையும் எழுதியிருந்தேன். பதிலும் தயாராக இருந்தது. ஆனாலும் அந்த ஒரு சொல் வெளியே வர எடுத்துக்கொண்ட நேரத்தில் லிஃப்ட் மேலிருந்து கீழே வந்து, திறந்து, யாரும் ஏறாமல் காத்துக்கொண்டு நின்றது.

"பாத்தேன்."

அவர் மெல்லத் திரும்பினார். லிஃப்டின் விளிம்பில் நின்று சிலுவை அடையாளம் போட்டார். முதலில் ஒரு கால். அப்புறம் இன்னொன்று. உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். மேலே போகிறவரைக்கும் எடுக்கவில்லை. மூன்று மாடி. பதினைந்து விநாடி இருக்கும். முப்பது வருடம் ஏறாத மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். நான் எரிகிற மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் நான் கடைசி வரிசையில் இருந்தேன். ஆன்ட்டி எழுந்தார். பழக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே நடந்தார். அவர் பெஞ்சு முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனது ஆன்ட்டிக்குத் தெரியாது. பாதி வழியில், சுற்றியிருந்தவர்கள் பார்க்கிற விதத்தைப் பார்த்துத்தான் திரும்பினார். பிறகு முன்னால் பார்த்தே நடந்தார், ஆனால் இடது கையைப் பின்னால் நீட்டியிருந்தார், கூட்டத்தில் குழந்தையைக் கூட்டிப்போகிறவர்கள் நீட்டுவதுபோல.

சாமியார் அங்கிளின் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்புவார் என்று எதிர்பார்த்தேன். திருப்பிப் பார்க்கவில்லை. அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

மதியம் ஆன்ட்டி கொடுத்தனுப்பிய கல்கல் பலகாரத் தட்டோடு ஒரு படிக்கு ஒரு நிமிடமாக ஏறி மேலே வந்தார். தட்டின் ஓரத்தில் கைக்குட்டையில் முடிந்த ஏதோ ஒன்று. பிரித்தேன். பித்தளை முத்திரை. ஓய்வு பெற்றபோது யாரும் திருப்பிக் கேட்காமல், பிறகு கம்பெனியும் மூடிவிட, அவரிடமே தங்கிவிட்டது.

"இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

"எனக்கெதுக்கு அங்கிள்?"

"இருக்கட்டும்ப்பா."

அவ்வளவுதான் சொன்னார். முகத்தில் நிம்மதி இருந்தது. நிம்மதிக்குப் பின்னால் வேறு எதுவும் இருந்ததா? அந்தச் சில விநாடிகளை எத்தனை தடவை எடுத்து வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம், நன்றி: அவருடைய பாரத்தை இறக்கியவனுக்குக் கொடுத்த பரிசு. மறுபக்கம், தீர்ப்பு: பார்க்காமல் பார்த்தேன் என்று குத்துகிறவன் கைக்குப் போய்ச் சேர வேண்டிய முத்திரை. ஆயுள் முழுக்கப் பிழையைத் தேடிப் பழகிய கண்ணுக்கு என் முகம் தெரியாமலா போயிருக்கும்? தெரிந்தும் எனக்காக ஏறினாரா, ஆன்ட்டிக்காக நடந்தாரா? நம்பித்தான் நடந்தாரா? கேட்டுவிடலாம் என்று ஜனவரியில் ஒருநாள் கீழே இறங்கினேன். அவர் ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அடுத்த வருஷம் வாசலில் ஒரு நட்சத்திரம் போட்டுப் பார்க்கலாமா என்று. பாதிப் படியில் திரும்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அவருடைய ஒரே கிறிஸ்துமஸை நான் பிடுங்கிக்கொள்வேன். சொல்லாவிட்டால் அது பொய்யின் மேலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஜூன் மாதம் வந்தது. மழையில் குடை பிடித்துக்கொண்டு கல்லறைக்குப் போனோம்.

அவருக்கு ஒரு திரைக்குப் பின்னால் யாரோ ஒருவர் காது கொடுத்துக்கொண்டு இருந்தார். எனக்கு அப்படி ஒரு திரை கிடையாது. எங்கள் ஊர் மலையைச் சுற்றி வந்தேன் ஒரு முறை, பௌர்ணமியில், சட்டைப்பையில் அந்தப் பித்தளையோடு. பதினான்கு கிலோமீட்டர். அது கொஞ்சமும் எடை குறையவில்லை.

இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். மேலே நான், கீழே ஆன்ட்டி. இப்போது மெழுகுவத்திகளை யாரும் அளந்து சுரண்டுவதில்லை. ஒன்று உயரம், ஒன்று குட்டை. வாசலில் நவம்பரிலேயே ஒரு காகித நட்சத்திரம் எரிகிறது. அலுவலகத்தில் நான்காம் மாடிக்குப் படியில் ஏறுகிறேன், உடம்பு குறைக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு மாலை ஆன்ட்டி என்னைக் கூப்பிடுவார். இளஞ்சிவப்பு மெழுகுவத்தியை ஏற்றுவதற்குத் தீக்குச்சி கிழிக்க அவர் கை நடுங்குகிறது. இந்த வருடமும் போனேன். ஏற்றினேன். ஆன்ட்டி சுடரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, தெரிந்த கதையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கிற குழந்தைபோல, சந்தேகமே இல்லாத குரலில், போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் கேட்டதையே கேட்டார்.

"தம்பி, அவர் சொன்னாரே, அந்த லிஸ்ட்டை நீங்க உங்க கண்ணால பாத்தீங்கல்ல?"

மேசைமேல் என் இரண்டு கைகளும் மல்லாந்து கிடந்தன. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

"பாத்தேன் ஆன்ட்டி" என்றேன்.